தோலும் தகடும்

மேளம் தோலால் ஆனது, தோல் தீட்டுடையது, ஆகவே மேளம் அடிப்பவன் தீண்டத்தகாதவன். இந்த மூன்று வாக்கியங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதற்கு நியாயம் என்று பெயர் சூட்டி, எங்கள் சமூகம் பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்திருக்கிறது. அடுக்கியவர்களை யாரும் அறியோம். அந்த அடுக்கின் கீழே நசுங்கியவர்களை அறிவோம்.

இப்பொழுது தோலே இல்லாத மேளம் ஒன்று வந்திருக்கிறது. மாடு உரிக்க வேண்டியதில்லை, பதனிட வேண்டியதில்லை, வெயிலில் காயவைத்து வாரிட்டு இறுக்க வேண்டியதில்லை. ஒரு செப்புக் காசின் அளவுடைய தகடும், ஒரு துண்டு இறப்பரும், இரண்டு முழக் கம்பியும் போதும். பதின்மூன்று வயதுச் சிறுவர்கள் ஒரு சனிக்கிழமைக்குள் அதைச் செய்து முடித்துவிடுகிறார்கள். அப்படியானால் மேற்கண்ட நியாயத்தின் முதல் வாக்கியம் விழுந்துவிட்டது. முதலாவது விழுந்தால் மூன்றாவதும் விழவேண்டும். விழுந்ததா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதை ஏட்டிலிருந்து நான் எடுத்துக்கொள்ளவில்லை. என் வகுப்பறையில், நான் செய்த ஒரு பிழையின் வழியாக, அது என்னிடம் வந்து சேர்ந்தது.

உடுவிலில் வசிக்கும் நான் இப்பகுதிப் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். மின்சுற்று என் துறையன்று. எனினும், கண்காட்சிக்காக இலத்திரனியல் மேளம் செய்யப் புறப்பட்ட ஐந்து மாணவர்களுக்குப் பொறுப்பாசிரியராக என்னை நியமித்தார்கள். விஞ்ஞான ஆசிரியருக்கு வேறு வேலை இருந்தது. எனக்கோ மறுக்கத் தெரியவில்லை. அவர்கள் செய்ததைப் பார்த்துப் பார்த்து நானும் ஓரளவு கற்றுக்கொண்டேன்.

அந்தத் தகட்டின் கதை 1880ஆம் ஆண்டில் தொடங்குகிறது. பியர் கியூரியும் அவர் தமையனார் ஜாக் கியூரியும் சிலவகைப் பளிங்குகளை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றுகிறது என்று பிரான்சில் கண்டறிந்தார்கள். இன்று நாம் பயன்படுத்துவது பளிங்கன்று. பித்தளைத் தகட்டின்மீது மெல்லிய வெண்பீங்கான் படிவு பூசப்பட்ட வட்டம். 27 மில்லிமீற்றர், 35 மில்லிமீற்றர் என்ற அளவுகளில் கிடைக்கிறது. பாட்டுப் பாடும் வாழ்த்து மடல்களிலும், பழுதுபட்ட விளையாட்டுப் பொருள்களிலும், கூவி எச்சரிக்கும் கருவிகளிலும் இருப்பது இதுவே. மின்னைக் கொடுத்தால் அது அதிர்ந்து ஒலிக்கும். அதை அதிரச் செய்தால் மின்னைத் தரும். எங்கள் மாணவர்கள் இந்த இரண்டாவது குணத்தைப் பற்றிக்கொண்டார்கள்.

ஒரு பலகைத் துண்டு, அதன்மேல் தகடு, அதற்குமேல் பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து வெட்டிய இறப்பர். கோலால் தட்டினால் தகடு நடுங்குகிறது. ஒரு கணத்துக்குள் பல வோல்ற்று எழுந்து அடங்குகிறது. ஓங்கி அடித்தால் அது பத்து, இருபது வோல்ற்றுக்கு மேலும் எழக்கூடும். அதை வாங்கும் சிறு நுண்கட்டுப்படுத்தியோ 5 வோல்ற்றுக்கு மேல் பொறுக்காது. ஆகவே தகட்டுக்குக் குறுக்கே 10 இலட்சம் ஓம் தடையி ஒன்றும், 5.1 வோல்ற்றில் வழிவிடும் சேனர் இருவாயி ஒன்றும் இணைத்து, மிஞ்சிய வேகத்தைத் தணிக்கிறார்கள். உள்ளே வந்த அடியைக் கருவி 0 முதல் 1023 வரையுள்ள ஓர் எண்ணாக மாற்றுகிறது. அந்த எண்ணை 127க்குள் சுருக்கி, கணினிக்குச் செய்தி அனுப்புகிறது: இன்ன நேரத்தில், இன்ன வலுவுடன், ஓர் அடி விழுந்தது. கணினி, தான் சேமித்து வைத்திருக்கும் ஓர் ஒலியை அந்த வலுவுக்கேற்ப எழுப்புகிறது. அது தவிலாக இருக்கலாம். மேனாட்டு முரசாக இருக்கலாம். நாய் குரைப்பதாகவும் இருக்கலாம். தகட்டுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கையில் எனக்கு ஒரு பெருமிதம் உண்டாயிற்று. 1990ஆம் ஆண்டின் பின்னர், மின்சாரமும் இன்றி, பற்றரி கொண்டுவரத் தடையும் விதிக்கப்பட்டிருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட ஊர் இது. ஜாம் போத்தலில் சில துளி மண்ணெண்ணெயும் பஞ்சுத்திரியும் இட்டு, அந்த வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்த ஊர் இது. இல்லாமையைக் கொண்டே இருப்பை உண்டாக்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் அல்லவா இவர்கள் என்று எண்ணினேன். அந்தப் பெருமிதத்திலேதான் பிழை செய்தேன்.

தட்டுகள் ஐந்து தயாராயின. எந்த ஒலிகளைச் சேர்ப்பது என்ற பேச்சு எழுந்தது. ஒருவன் தவில் என்றான். ஒருவன் உடுக்கு என்றான். எங்கள் மண்ணின் ஆதி மேளமாகிய பறையைச் சேர்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் சேர்த்தே எண்ணுகிறது என்று விளக்கினேன். பறை என்ற சொல்லுக்குப் பேசு என்றும் பொருள் உண்டு என்றேன். நான் சொன்னவற்றில் பொய் ஒன்றும் இல்லை. ஆயினும் அதன்பின் அந்த ஐவரில் ஒருவனைப் பார்த்து, "தம்பி, உங்கட பாட்டனார் நல்லாய் அடிப்பார் எண்டு கேள்விப்பட்டன். அவரைக் கூட்டிக்கொண்டு வா. ஒலிப்பதிவு செய்வம்" என்று எல்லோர் முன்னிலையிலும் கூறிவிட்டேன்.

அவன் தலை குனியவில்லை. என்னை நேராகப் பார்த்தான்.

"சேர், அந்த மேளத்தை விட்டிட்டுத்தான் நாங்கள் பள்ளிக்கூடம் வந்தனாங்கள்" என்றான்.

கையில் இருந்த பற்றாசுக் கோலை மின்னிலிருந்து கழற்றி, மேசைமீது ஒழுங்காக வைத்துவிட்டு, அவன் வெளியே போனான். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் வரவில்லை.

எங்களைப் போன்ற முற்போக்காளர்களிடம் இத்தகைய வேளைக்கு இரண்டு ஆயத்த விடைகள் உண்டு. இரண்டையும் அந்த இரு வாரங்களில் நான் என்னிடமே சொல்லிப் பார்த்தேன்.

முதலாவது விடை: இயந்திரம் விடுதலை செய்யும். பழைய கருவி பழைய சமூக உறவைப் பிறப்பித்தது. புதிய கருவி அதை உடைக்கும். 1853இல் இந்தியாவைப் பற்றி எழுதிய கார்ல் மார்க்ஸ், இருப்புப்பாதையின் வழியே வரும் நவீன தொழில், சாதிக்கு அடித்தளமான பரம்பரைத் தொழிற்பிரிவைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்த்தார். புகையிரதம் வந்தது. சாதி அதிலே சீட்டு வாங்கிக்கொண்டு ஏறியது. எங்கள் ஊரிலேயே பாருங்கள். பாடசாலைக்கு வாங்கு வந்தபொழுது, அதிலே எல்லாப் பிள்ளைகளும் அமரலாம் என்று வாங்கு தடை சொல்லவில்லை. ஆயினும் 1920களின் இறுதியில் சம ஆசனம் என்ற கோரிக்கைக்காகப் பெரும் போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. தச்சன் வாங்கைச் செய்து கொடுத்தான். அதில் அமரும் உரிமையைத் தச்சனால் செய்து கொடுக்க முடியவில்லை.

தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் மின்மோட்டாரால் இயங்கும் மேளமும் மணியும் ஒரே சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கின்றன. பூசை வேளையில் விசையைத் தட்டினால் போதும். யாருடைய கையும் படாமல் முழக்கம் எழுகிறது. இயந்திரம் வந்தது; மேளகாரர் போனார். ஆனால் அவர் எங்கே போனார் என்று எவரும் கேட்கவில்லை. கருவி ஒருவனை அவன் தொழிலிலிருந்து விடுவிக்கிறதா, அன்றி வெளியேற்றுகிறதா என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை. அது யார் கையில் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

இரண்டாவது விடை: இழிவு என்று திணிக்கப்பட்டதைப் பெருமையாக மாற்று. பறை ஒரு கலை, அதை மேடையேற்று, எல்லோரும் அடிப்போம். இவ்விடையில் உண்மை உண்டு. மட்டக்களப்பிலே பறைமேளக் கூத்து தனக்கென ஆட்ட முறையும் தாளக்கட்டும் உடைய கலையாக நிலைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலே பறை போராட்ட ஊர்வலங்களின் முன்னணியில் முழங்குகிறது. பெண்கள் அதை ஏந்துகிறார்கள். இவையெல்லாம் தலைவணங்கத்தக்கவை. ஆனால் அந்தப் பெருமையை யார் யாரிடம் கேட்பது? சாவீட்டு முற்றத்தில் தூர நின்று இரவு முழுவதும் அடித்து, கையில் படாமல் எறியப்பட்ட காசைப் பொறுக்கியவர்களின் பேரன், ஒருநாள் அந்தக் கோலைக் கீழே வைத்தான். கீழே வைத்ததும் ஒரு போராட்டமே. இனிமேல் அடிக்கமாட்டோம் என்று மறுத்ததற்காக அடி வாங்கியவர்கள் எங்கள் கிராமங்களில் உண்டு. அந்த மறுப்பின் பயனாகவே அவன் என் வகுப்பில் அமர்ந்திருக்கிறான். அந்தப் பக்கம் ஒருநாளும் நின்றறியாத குடும்பத்தில் பிறந்த நான், "அது உன் பெருமையல்லவா? எடுத்து அடி" என்று சொல்லும்போது, என் பாட்டனார் இட்ட அதே கட்டளையை இனிய சொல்லில் இடுகிறேன். நோக்கம் வேறு, வினைச்சொல் ஒன்றே.

இரண்டு விடைகளும் போதவில்லை. மீண்டும் அந்த மூன்று வாக்கியங்களுக்கே திரும்பினேன்.

மேளம் தோலால் ஆனது, தோல் தீட்டுடையது. உண்மையில் எங்கள் சமூகம் அப்படி நம்பியதா? உடுவிலுக்கு அடுத்த ஊராகிய இணுவில், நாதசுரமும் தவிலும் செழித்த ஊர். லய உலகில் ஈடிணையற்றவராகத் தமிழ்நாட்டு வித்துவான்களே போற்றிய யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933-1975) அந்த மரபில் வந்தவர். தவில் என்ன பட்டாலா செய்யப்படுகிறது? பலாமரக் குடத்தின் இருபுறமும் தோல்தான். அந்தத் தோல் கோயிலுக்குள் போகிறது. சுவாமி புறப்படும்போது முன்னே செல்கிறது. தாலி கட்டும் வேளையில் முழங்குகிறது. அது முழங்காவிட்டால் கலியாணமே நிறைவில்லை என்கிறார்கள். பறையிலும் அதே தோல்தான். ஒரு தோல் உள்ளே, ஒரு தோல் வெளியே. ஆகவே தீட்டு தோலில் இல்லை.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடு, மாடு, எருமை ஆகியவற்றின் தோல்கள் அதிலே சேர்கின்றன. வாசிப்பவர் மேடையில் பொன்னாடை பெறுகிறார். அந்தத் தோலை உரித்தும் பதனிட்டும் மூட்டடித்தும் கொடுப்பவரின் பெயரை இரசிகர் அறியார். டி. எம். கிருஷ்ணா இந்த மிருதங்கம் செய்வோரின் வரலாற்றை, 'செபஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற ஆங்கில நூலாக 2020இல் எழுதினார். அவர்களில் பலர் தஞ்சை வழிவந்த தலித் கிறித்தவர்கள். அந்நூலின் வெளியீட்டு விழாவுக்கு முதலில் இடம் தர இசைந்த கலாக்ஷேத்திரா, பின்னர் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா சென்னையில் வேறிடத்தில் நடந்தது. தோலை மேடையில் ஏற்றலாம். தோலைச் செய்தவனைப் பற்றிய புத்தகத்தை ஏற்றுவதற்கே அத்தனை தயக்கம்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? தோல் தீட்டானதால் மனிதன் இழிந்தவன் ஆகவில்லை. மனிதனை இழிந்தவன் ஆக்கவேண்டியிருந்தது. அதற்குத் தோல் ஒரு சாட்டாகக் கிடைத்தது. அதாவது, மூன்றாவது வாக்கியமே முதலில் எழுதப்பட்டது. மற்ற இரண்டும் அதற்குக் காரணம் காட்டப் பின்னர் எழுதப்பட்டவை. ஆகவே தோலை அகற்றித் தகட்டை வைத்தாலும் மூன்றாவது வாக்கியம் விழப்போவதில்லை. அது தோலின்மேல் நின்றதே இல்லை. அது நிலத்தின்மேலும், கிணற்றின்மேலும், கோயில் வாசலின்மேலும் நின்றது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. வந்தும், 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி, இங்கிருந்து நடந்து போகும் தூரத்திலுள்ள சுன்னாகத்தில் தொடங்கி, யாழ்ப்பாணம் முற்றவெளி நோக்கி மக்கள் ஊர்வலம் போக வேண்டியிருந்தது. பொலிசாரின் தடியடி அதைத் தடுக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் வழிபாட்டு உரிமைக்காக அமர வேண்டியிருந்தது. தீட்டு இருந்த இடத்திலேதான் அந்த மக்கள் அதை எதிர்கொண்டார்கள்.

மூன்றாவது வாரம், மாலையில், அந்த மாணவனின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொன்னால் அது முழு உண்மையன்று. அவன் இல்லாமல் கருவி முடியாது என்பதும் ஒரு காரணம். பாட்டனார் முற்றத்தில் இருந்தார். எழுபதைக் கடந்தவர், ஒடிசலான தேகம்.

"வாங்கோ மாஸ்டர், இருங்கோ" என்று கதிரையைக் காட்டினார். தேநீர் வந்தது. நான் அதைக் குடிக்கும் வரை அவர் பேசவில்லை. நான் குடிப்பதைப் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிகிறது என்பதும் அவருக்குத் தெரிந்தது. எத்தனை கோப்பைகளின் கணக்கு அந்தப் பார்வையில் இருந்ததோ!

நடந்ததை நானே சொன்னேன். "நான் சொன்னது பிழை ஐயா" என்றேன்.

"பிழையெண்டு என்னத்துக்கு? நான் அடிச்சது உண்மைதானே" என்று சிரித்தார். பிறகு, "அந்தப் பெட்டியை ஒருக்காக் கொண்டுவாங்கோ, பாப்பம்" என்றார்.

அடுத்த ஞாயிறு கொண்டுபோனோம். ஐந்து மாணவர்களும் வந்தார்கள். அவர் பேரன் சற்றுத் தள்ளி மதிலோரம் நின்றான். அவர் இரண்டு கோல்களை எடுத்து, இறப்பரை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, மெல்லத் தொடங்கினார். முதலில் ஒவ்வொரு அடிக்கும் ஒலி வந்தது. கை வேகம் கொண்டதும் ஒலி கெட்டது. கோல்கள் கண்ணுக்குத் தெரியாத விரைவில் விழுந்தன. பெட்டியோ நிதானமாக, ஏதோ வேறு பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல் ஒலித்துக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தினார்.

"மாஸ்டர், உங்கட மெசின் நான் அடிச்சதில பாதியைத்தான் கேட்டது."

அது உண்மை. காரணமும் எளியது. ஓர் அடி விழுந்தபின் தகடு உடனே அடங்குவதில்லை. சிறிது நேரம் நடுங்குகிறது. அந்த நடுக்கத்தையும் கருவி புதிய அடியாக எண்ணிவிடும். அதைத் தவிர்க்க, ஓர் அடியை வாங்கியபின் சற்று நேரம் செவியை மூடிக்கொள்ளும்படி அதற்குக் கட்டளை எழுதுகிறார்கள். எங்கள் மாணவர்கள் 100 மில்லிசெக்கன் என்று எழுதியிருந்தார்கள். அவர்களுடைய கைக்கு அது போதும். பெரியவரின் இரு கோல்களோ ஏறத்தாழ 70 மில்லிசெக்கனுக்கு ஒன்றாக விழுந்தன. ஓர் அடி உள்ளே; அடுத்தது வெளியே; மீண்டும் ஒன்று உள்ளே. மென்மையாகத் தொட்ட அடிகளோ அறவே புகவில்லை. இவ்வளவு வலுவுக்குக் குறைந்ததைச் சேர்க்காதே என்று இன்னொரு வரி இருந்தது. மாணவர்கள் அதற்கு 'வாசல் அளவு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அளவுகோலை எழுதியவர்கள் தம் கையை வைத்தே எழுதினார்கள். அவர்களிடம் வஞ்சகம் இல்லை. அனுபவம் இல்லை, அவ்வளவே. ஆனால் தம் கையே மனிதக் கை என்று எண்ணி எழுதப்படும் எந்த விதியும், வேறு கையால் வாழ்ந்தவனின் பாதியை விழுங்கிவிடும். எங்கள் பாடநூல்களும் இலக்கிய வரலாறுகளும் இதையே செய்திருக்கின்றன. ஒலி எழவில்லை என்று நாம் எழுதியிருக்கிறோம். செவி மூடியிருந்தது என்று எழுதியிருக்க வேண்டும்.

மதிலோரம் நின்றவன் அப்போது வந்து அமர்ந்தான். யாரும் அழைக்கவில்லை. தகட்டின்மேல் மெல்லிய பஞ்சு இறப்பர்த் துண்டொன்றை வைத்து நடுக்கத்தைத் தணித்தான். 100 என்பதை 40 ஆக்கினான். வாசல் அளவைத் தாழ்த்தினான். "அப்பப்பா, இப்ப அடியுங்கோ" என்றான். அவர் அடித்தார். பெரும்பாலான அடிகள் கேட்டன. எல்லாம் அல்ல. தகட்டுக்குத் தெரிந்தவை இரண்டே: எப்போது, எவ்வளவு. எந்த இடத்தில், கோலை எப்படிச் சரித்து, மற்றக் கையால் எங்கே அழுத்தி என்பவை அதற்குத் தெரியா. சி. வி. இராமன் 1920இலும் 1934இலும் எங்கள் மேளங்களை ஆராய்ந்து எழுதினார். மிருதங்கத்தின் கருஞ்சாந்து, தோலின் ஒழுங்கற்ற அதிர்வுகளை இசைவான சுரங்களாக இணைக்கிறது என்று அவர் காட்டினார். பெயரறியாத கைவினைஞர்கள் கண்டறிந்த அந்த நுட்பத்தை விளங்கிக்கொள்ள நோபல் பரிசு பெறத்தக்க ஓர் அறிவு தேவைப்பட்டது. அதையெல்லாம் இரண்டு எண்ணாகச் சுருக்குவது ஒரு வசதி, அதுவே முழுமையன்று.

இறுதியில், தயங்கித் தயங்கி, அவருடைய பறையின் ஒலியைப் பதிவு செய்யலாமா என்று கேட்டேன். இம்முறை அவரிடமே கேட்டேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார்.

"வேண்டாம் மாஸ்டர். சத்தத்தைத் தந்தா அதைக் கலியாண மண்டபத்திலயும் போடுவினம். சத்தம் உள்ளுக்கு நிக்கும், நாங்கள் வாசலில நிப்பம்" என்றார். சற்றுப் பொறுத்து, "தாளம் வேணுமெண்டா பெடியனுக்குச் சொல்லித்தாறன். அதைப் படிக்கிறதெண்டா வந்து இருந்துதானே படிக்கவேணும்" என்றார்.

இந்த மறுப்பை நான் பல நாள் சிந்தித்தேன். அறிவு எல்லோருக்கும் பொது என்று நம்புகிறவன் நான். இந்தக் கருவியே பொதுமையின் பயன்தான். இசைக்கருவிகள் கணினியோடு பேசும் 'மிடி' என்னும் முறை 1983இல் வெளியிடப்பட்டபொழுது, அதை உருவாக்குவதில் முன்னின்ற அமெரிக்கராகிய டேவ் ஸ்மித்தும் யப்பானியராகிய இக்குத்தாரோ கக்கேகாசியும் அதற்கு உரிமைப்பணம் கேட்கவில்லை. 2005இல் இத்தாலியில் தோன்றிய ஆர்டுயினோ என்னும் நுண்கட்டுப்படுத்திப் பலகையின் வரைபடத்தையும் எவரும் எடுத்துச் செய்யலாம். அந்த ஈகை இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகள் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று இலட்ச ரூபாக் கருவியைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள். அப்படியிருக்க, இந்த முதியவர் தம் ஒலியைத் தர மறுப்பது தன்னலம் ஆகாதா?

ஆகாது என்றே முடிவு செய்தேன். கொடுப்பதற்கு முதலில் ஒன்று தன்னுடையதாக இருக்க வேண்டும். ஸ்மித்தும் கக்கேகாசியும் கொடுத்தார்கள்; அவர்கள் பெயர் அழியவில்லை; 2013இல் அதற்காகவே கிராமி விருதும் பெற்றார்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருந்தவர்கள் வேண்டும் என்று சொன்னார்கள். அதனாலேயே அது ஈகை. இந்த முதியவரின் முன்னோரிடம் எவரும் கேட்டதே இல்லை. அவர்களுடைய உழைப்பும் ஒலியும் இரவும் ஊருக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளப்பட்டன. அவர்கள் மட்டும் ஊருக்குப் பொதுவில் சேர்க்கப்படவில்லை. அத்தகைய ஒருவரிடம், பொதுமையின் பெயரால், இன்னும் ஒன்றைத் தா என்று கேட்பது பொதுவுடைமை அன்று. பழைய ஊழியத்தின் புதிய தவணை. அவர் கூறிய 'வேண்டாம்' என்ற சொல், அவர் வாழ்வில் சொத்தாகச் சேர்ந்த முதற் சொல்லாகவும் இருக்கலாம். சமமானவர்களுக்கிடையே மட்டுமே பொதுமை உண்டாகும். சமத்துவம் வரும்வரை, மறுக்கும் உரிமையைக் காப்பதும் பொதுமைக்கான போராட்டத்தின் ஒரு பகுதியே.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் தாளத்தை மறுக்கவில்லை. ஒலிப்பதிவை அவரின்றி எடுத்துச் செல்லலாம்; தாளத்தைக் கற்க அவர் எதிரே அமர வேண்டும். எடுத்துச் செல்லக்கூடியதை மறுத்து, உறவு கொண்டாலன்றிப் பெறமுடியாததை அவர் தந்தார். நூல்கள் பல கற்ற நான் இந்த வேறுபாட்டை அவரிடமே கற்றேன்.

அப்படியானால் கையால் செய்த இந்த மின்மேளத்தால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் அது தோலை ஒழித்ததில் இல்லை. எங்கள் கலை உலகின் பெரிய நோய், செய்பவனும் வாசிப்பவனும் வேறு வேறு சாதி ஆனதே. ஒருவன் கை அழுக்காகிறது. இன்னொருவன் கை புகழ் பெறுகிறது. அந்தச் சனிக்கிழமைகளில், வாசிக்க விரும்பியவன் தானே பற்றாசு வைத்தான், விரல் சுட்டுக்கொண்டான், பழைய ரியூப்பை வெட்டிக் கை கருத்தான். செய்தவனே வாசித்தான், வாசித்தவனே பழுது பார்த்தான். கடையில் வாங்கிய கருவி இந்தப் பாடத்தைக் கற்பித்திராது. கையையும் மூளையையும் ஒருவனுக்குள்ளேயே சேர்த்துவைக்கும் எந்த வேலையும், எவ்வளவு சிறியதாயினும், அந்த மூன்றாவது வாக்கியத்தின் அடியில் ஒரு கடப்பாரையைச் செருகுகிறது. ஆனால் கடப்பாரை தானாக நெம்பாது. நெம்புவதற்கு ஆள் வேண்டும்.

கண்காட்சி நடந்தது. ஐந்து தட்டுகளிலும் மாணவர்கள் தாமே பதிவு செய்த ஒலிகளைச் சேர்த்தார்கள்: தகரப் பீப்பா, வெற்றுக் குடம், பாடசாலை மணி, வடலிக்குள் காய்ந்த ஓலை முறிதல், கிணற்று வாளி நீரில் விழுதல். பறையின் ஒலி அதில் இல்லை. அவன் வாசித்தான், பாட்டனார் சொல்லிக்கொடுத்த தாளத்தை அந்தத் தகரத்திலும் குடத்திலும் வாசித்தான். இது என்ன தாளம் என்று பார்வையாளர் ஒருவர் வினவினார்.

அவன் என்னைப் பார்த்தான். நான் பேசவில்லை. விடை சொல்வதும் சொல்லாதிருப்பதும் அவனுக்கு உரியவை.

"அப்பப்பாட தாளம்" என்றான்.

பார்வையாளர் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்பது எனக்குத் தெரியாது. பாட்டனார் அன்று வரவில்லை, அழைத்திருந்தோம். மண்டபத்தின் கதவு திறந்தேதான் இருந்தது. திறந்த கதவு மட்டும் போதாது என்பதை, மண்டபத்தின் உள்ளே நிற்கும் எங்களுக்கு இன்னும் எத்தனை பேர் வந்து சொல்ல வேண்டுமோ!